வேலையும் கூலியும் நாட்டின் நலத்தைச் சொல்லுமா? நீலகிரியிலிருந்து ஒரு பார்வை

இந்தியாவில் வேலையின்மை குறைந்துவிட்டது என்கின்றன அரசின் புள்ளிவிவரங்கள். காலமுறைத் தொழிலாளர் ஆய்வு தொடங்கிய 2017-18-ல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2023-24-ல் 3.2 சதவீதமாக இறங்கியது. பதினைந்து வயதைக் கடந்த பெண்களில் உழைப்புச் சந்தைக்கு வந்தவர்களின் பங்கு அதே காலத்தில் 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக ஏறியது. 2023-24-ல் மட்டும் 4.67 கோடிப் பேருக்கு வேலை கூடியதாக ரிசர்வ் வங்கியின் தரவு மதிப்பிட்டது. அந்த ஆண்டின் பொருளாதார வளர்ச்சி தற்காலிக மதிப்பீட்டில் 8.2 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. இவற்றை வரிசையாகப் படிப்பவர் நாடு நலமாக இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வருவார்.

அந்த முடிவை நீலகிரியில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அதற்குப் பொருத்தமான மாவட்டம் இது. நிரந்தரக் கூலி பெறும் எஸ்டேட் தொழிலாளர், ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, அரசே நடத்தும் தேயிலைக் கழகம், கூட்டுறவுத் தொழிற்சாலைகள், மூடப்பட்ட பொதுத்துறை ஆலை, இன்றும் இயங்கும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, ஏப்ரல் மே சீசனை நம்பிய லாட்ஜுகள் என்று உழைப்பின் எல்லா வகைகளும் இந்தச் சிறிய மலைக்குள் இருக்கின்றன. எந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை இங்கே கிட்டத்தில் பார்க்க முடியும்.

முதலில், 'வேலையில் இருப்பவர்' என்றால் யார்? ஆய்வுக்கு முந்தைய ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே, வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், துணை வேலையாக முப்பது நாள் செய்திருந்தாலும் போதும். சொந்தத் தோட்டத்தில் சம்பளமின்றிக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் வேலையில் இருப்பவரே. இது இந்தியா மட்டும் கடைப்பிடிக்கும் வழக்கமன்று. ஒரு மணி நேர அளவுகோல் உலகெங்கும் உள்ளதுதான். பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் இருக்கும் நாட்டில் அது ஓரளவு பொருந்தும். பாதிக்கு மேற்பட்டோர் சுயதொழிலில் இருக்கும் நாட்டில் அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி.

நீலகிரியின் தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் கையில் இருக்கிறது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவர்களில் படுகர் சமூகத்தினரே மிகுதி. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைந்த நிலங்கள் இவை. 1961-ல் ஊட்டிப் பக்கம் உருளையில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கின் மீதான நம்பிக்கை தளர்ந்தபோது, ஆண்டு முழுவதும் பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை பணம் தரும் பயிர் என்று தேயிலை பரவியது. 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1963-ல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1965-ல் கூட்டுறவு ஆலைகளின் இணையமாக இன்கோசர்வ் உருவானது. விளைச்சல், ஆலை, ஏலம் மூன்றும் ஒரே மலையில் அமைந்தன.

கோத்தகிரிப் பக்கம் மாலை வேளையில் சாலையோரக் கொட்டகைகளில் எடை போடும் இடத்தில் நின்றால் இந்தப் பொருளாதாரம் முழுவதையும் பார்த்துவிடலாம். தோளிலும் தலையிலும் சுமந்துவந்த பச்சைத் தேயிலை மூட்டைகள் தராசில் ஏறும். மழை நாளானால் ஈரத்துக்கென்று சில கிலோ கழிக்கப்படும். ஏஜென்ட் சீட்டில் எடையை எழுதுவார். விலையை எழுத மாட்டார். அந்த மாத விலை ஏல நிலவரத்தை வைத்து அடுத்த மாதம்தான் தெரியும். விற்பவர் தன் பொருளின் விலை தெரியாமலேயே விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார். இவர் அரசுக் கணக்கில் சுயதொழில் செய்பவர், அதாவது தன் தொழிலுக்குத் தானே முதலாளி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சைத் தேயிலை கிலோ 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாய் கூலிக்கு வரும் ஆள் கத்தரியால் ஒரு நாளில் 40 கிலோ பறித்தால், பறிகூலிக்கே கிலோவுக்கு 10 ரூபாய் போய்விடும். மீதி 5 ரூபாயில் உரம், மருந்து, களையெடுப்பு, கவாத்து, வண்டிக் கூலி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அப்போது விவசாயி என்ன செய்வார்? தோட்டத்தைப் பூட்டிவிட்டு வேலையற்றோர் பட்டியலில் சேர மாட்டார். ஆளை நிறுத்திவிட்டுத் தானே இறங்கிப் பறிப்பார். மனைவியும் வருவார், வயதான தாயும் வருவார், கல்லூரி விடுமுறையில் மகளும் வருவாள். முன்பு ஒருவர் உழைத்த தோட்டத்தில் இப்போது நால்வர் உழைக்கிறார்கள். விலை விழுந்ததால் வருமானம் குறைந்தது. அதே காரணத்தால் வேலையில் இருப்போரின் எண்ணிக்கை கூடியது.

இதுவே இந்தக் கட்டுரையின் மையம் என்று நினைக்கிறேன். ஆலைத் தொழிலில் சரிவு வந்தால் ஆட்குறைப்பு நடக்கும், வேலையின்மை எண் உயரும், பத்திரிகையில் செய்தி வரும். சிறு விவசாயத்தில் சரிவு வந்தால் குடும்பம் கூடுதலாக உழைக்கும், எண் கீழே இறங்கும், செய்தியே வராது. ஒரே நோய்க்கு இரண்டு எதிரெதிர் அறிகுறிகள். இரண்டாவதை நலம் என்று படிப்பது பெரிய பிழை.

1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை கிலோ 15 ரூபாயைத் தாண்டி விற்றது. ரஷ்யச் சந்தையின் கேட்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2000 வாக்கில் அது 5 ரூபாயை ஒட்டிச் சரிந்து மலையே கொதித்தது. கால் நூற்றாண்டு கழித்து 2023-ல் பல மாதங்கள் விலை மறுபடி அதே 15 ரூபாயைச் சுற்றியே நின்றது. இடையில் நாட்டின் பொதுவிலை நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்து கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டார்கள். உற்பத்திச் செலவும் அதில் பாதியும் சேர்ந்த விலை வேண்டும் என்ற சுவாமிநாதன் குழுவின் பரிந்துரையை வைத்துக் கேட்ட தொகை அது. தேயிலை வாரியம் மாதந்தோறும் ஒரு விலையை அறிவிக்கிறதே என்று கேட்கலாம். ஏலத்தில் தேயிலைத் தூளுக்குக் கிடைத்த சராசரி விலையை விவசாயிக்கும் ஆலைக்கும் பங்கிடும் விலை அது. விளைவிக்க என்ன செலவானது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

பெண்களின் பங்கு உயர்ந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18-ல் 52.2 சதவீதம், 2023-24-ல் 58.4. இதற்குள் அடங்கும் சம்பளமில்லாக் குடும்ப உழைப்பாளரின் பங்கு 13.6 சதவீதமாக இருந்தது, 2022-23-ல் 18.3 ஆகிவிட்டது. வேளாண்மையை நம்பியோரின் பங்கும் குறையவில்லை, 2023-24-ல் 46 சதவீதத்தை ஒட்டி நின்றது. வளரும் பொருளாதாரத்தில் வயலிலிருந்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் ஆட்கள் நகர வேண்டும். இங்கே அந்த நகர்வு நின்றிருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சுயஉதவிக் குழுக்கள், கைக்கு வந்த கடன், முன்பு எண்ணப்படாத உழைப்பை இப்போது கவனமாக எண்ணுவது ஆகியவற்றாலும் பெண்களின் எண்ணிக்கை கூடியிருக்கலாம் என்று சில பொருளியலாளர்கள் சொல்கிறார்கள். அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் வேலைக்கு வந்த பெண்களின் வருமானம் மகிழ்ச்சிக்கு இடம் தரவில்லை. மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே தரும் கணக்கின்படி, சுயதொழில் செய்யும் பெண்ணின் மாத வருமானம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2017-18-ல் 4,348 ரூபாய். 2023-24-ல் 2,950 ரூபாய்.

இனி கூலிக்கு வருவோம். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் எங்கும் டேன்டீ என்று சொல்லப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் உண்டு. 1964-ன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் வனநிலத்தில் தொடங்கப்பட்டவை அவை. அங்கே தினக்கூலி அண்மை ஆண்டுகளில் 345 ரூபாயிலிருந்து 438 ரூபாயாக உயர்ந்தது. தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உயர்வு, வரவேற்க வேண்டியதே. இருபத்தாறு நாள் தவறாமல் வேலைக்குப் போனால் மாதம் 11,388 ரூபாய் வரும்.

ஆனால் கூலி உயர்ந்த அதே காலத்தில், நட்டத்தைக் காரணம் காட்டி, ஏறத்தாழ 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர 2022-ல் அரசு ஆணையிட்டது. நிலம் போனால் அதற்கான வேலையும் அதோடு போகும். ஓய்வு பெற்றவரின் இடத்துக்கு நிரந்தர ஆள் எடுப்பது பெரும்பாலான தோட்டங்களில் அருகிவிட்டது. தனியார் எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பறிக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளியின் கூலியை மட்டும் பார்த்தால் ஏற்றம் தெரியும்; அந்தக் கூலியை வாங்குவோர் எத்தனை பேர் மிச்சம் என்பது தெரியாது.

சராசரிக் கூலி இப்படி ஏமாற்றுவதற்கு உலக உதாரணமும் உண்டு. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அதே மாதம் அந்நாட்டின் சராசரி மணிக்கூலி திடீரென்று ஏறியது. ஓட்டலிலும் கடையிலும் குறைந்த கூலிக்கு இருந்தவர்கள் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டதால், மிஞ்சியவர்களின் சராசரி உயர்ந்து தெரிந்தது. சம்பளங்கள் பரவலாகக் கூடியதால் அல்ல.

பணவீக்கம் கூலியைத் தின்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நீலகிரித் தோட்டக் குடும்பங்களின் உறவினர்கள் இன்னும் இலங்கை மலையகத்தில் இருக்கிறார்கள். அங்கே நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பது பல ஆண்டுப் போராட்டம். 2021-ல் அது கைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஆயிரம் ரூபாய் பழைய ஆயிரம் ரூபாயாக இருக்கவில்லை. கூலி உயர்வைப் பற்றிய எந்தச் செய்தியையும் அந்த ஊரின் அரிசி விலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை மலையகத் தமிழர்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

தோட்ட நிர்வாகங்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குன்னூரில் தலைமையகம் வைத்திருக்கும் உபாசி போன்ற அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்வது இது: உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலி, கூலி ஏறுகிறது, ஏலத்தில் தூள் விலை அதற்கேற்ப ஏறுவதில்லை, 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சுமத்திய வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகிய செலவுகளும் எங்கள் தலையில்தான். இதில் உண்மை இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ வரை பச்சைத் தேயிலை வேண்டும். தூள் 100 ரூபாய்க்கு விற்றால், அதில் பறிப்பவரும் விளைவிப்பவரும் ஆலைக்காரரும் பங்கு போட வேண்டும். விற்கும் விலை தேங்கி நிற்க, கூலி மட்டும் ஏறினால் தோட்டம் மூடப்படும் அல்லது ஆட்கள் குறைக்கப்படுவார்கள். ஆனால் இந்த வாதத்தின் முடிவு கூலியைக் குறைப்பதாக இருக்க முடியாது. குன்னூர் ஏலத்துக்கும் நகரத்துக் கடையில் பாக்கெட்டாக விற்கும் விலைக்கும் இடையில் உள்ள தொகை எங்கே போகிறது என்று கேட்பதில்தான் அது முடிய வேண்டும்.

கூடலூரிலிருந்து எல்லை தாண்டினால் வயநாடு. வேலையும் கூலியும் நலத்தைச் சொல்லுமா என்ற கேள்விக்குக் கேரளம் ஒரு விடை வைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23-ல் கேரளத்தில் கிராமப்புற ஆண் விவசாயக் கூலியின் சராசரி நாட்கூலி 764 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். இந்தியச் சராசரி 345. அதே ஆண்டு கேரளத்தின் வேலையின்மை 7 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே. வேலையின்மை எண்ணை மட்டும் நம்பினால், மத்தியப் பிரதேசம்தான் நலமான மாநிலம். அங்கே போய் வாழ விரும்பும் கேரளத் தொழிலாளி ஒருவரையும் காட்ட முடியாது. கேரளத்து இளைஞர் ஓராண்டு காத்திருந்து நல்ல வேலை தேட முடிகிறது. வீட்டில் ரேஷன் உண்டு, வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் பணம் உண்டு. அவர் வேலையில்லாதவராக எண்ணப்படுகிறார். மத்தியப் பிரதேசத்து ஏழைக்குக் காத்திருக்க ஒரு நாளும் இல்லை. கிடைத்ததைச் செய்கிறார், வேலையில் இருப்பவராக எண்ணப்படுகிறார். கேரளத்தின் இளைஞர் வேலையின்மை மெய்யான துயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மோசமான வேலையை மறுக்கும் வலிமையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-லேயே இதன் வேரைக் காட்டினார். கிராமத்தில் குறைந்த வருமானத்தில் மிகையான ஆட்கள் இருக்கும்வரை, தோட்டமும் ஆலையும் எவ்வளவு வளர்ந்தாலும் கூலி உயராது; ஏனென்றால் அதே கூலிக்கு வர இன்னொருவர் இருப்பார். நீலகிரிக்கு வரும் ஜார்க்கண்ட் தொழிலாளியைப் பார்த்தால் இது விளங்கும். இங்கத்து 400 ரூபாய் அவருக்கு ஊரில் கிடைப்பதைவிட மேல். அவருக்கு இது முன்னேற்றமே. எஸ்டேட் லயக் குடியிருப்பில் பிறந்த இளைஞருக்கு அதே 400 ரூபாய் போதவில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார். ஒரே கூலி ஒருவரை இழுக்கிறது, இன்னொருவரை விரட்டுகிறது. நாட்டின் கூலிப் படிக்கட்டில் கீழே எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்பதையே இது காட்டுகிறது.

நாடு தழுவிய போக்கும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 2014-15-க்குப் பின் கிராமக் கூலி, விலைவாசியைக் கழித்தால், ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூட உயரவில்லை என்று பொருளியலாளர் ழான் திரேஸ் தொழிலாளர் பணியகத்தின் தரவுகளை வைத்துச் சுட்டிக்காட்டினார். மாதச் சம்பளக்காரரின் மெய்ச் சம்பளம் 2012-லிருந்து 2022 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்தது என்றது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட அறிக்கை. தினக்கூலிக்காரரின் வருமானம் அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 2.4 சதவீதம் உயர்ந்ததாகவும் அதே அறிக்கை சொல்கிறது. நல்ல செய்திதான், ஆனால் அடித்தளமே மிகத் தாழ்ந்தது. இன்னொரு பக்கம், பெருநிறுவனங்களின் லாபம் 2023-24-ல் பதினைந்து ஆண்டு உச்சத்தைத் தொட்டது. சம்பளம் அதற்கேற்ப உயரவில்லை என்று கவலைப்பட்டது பொருளாதார ஆய்வறிக்கையே.

ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையைச் சொல்லாமல் நீலகிரியின் வேலைக் கதை நிறைவடையாது. 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தப் பொதுத்துறை ஆலை எக்ஸ்ரே பிலிமும் புகைப்படச் சுருளும் செய்தது. தோட்டத்துப் பிள்ளைக்கும் ஹட்டி எனும் படுகர் ஊர்ப் பிள்ளைக்கும் மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, குடியிருப்பு என்று ஒரு வாழ்க்கையை ஆயிரக்கணக்கில் தந்தது. கடனிலும் இறக்குமதிப் போட்டியிலும் சிக்கி 1990களில் நலிந்த ஆலையானது; 2014-ல் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டிஜிட்டல் வந்த பின் பிலிம் ஆலை பிழைத்திருக்காது என்பது சரியே. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆலை வரவில்லை. அங்கே வேலை இழந்தவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறை சுற்றுலாவுக்குள் போனது: டாக்சி, காட்டேஜ், சாக்லெட் கடை, சமையல். ஏப்ரல் மே மாதங்களில் உறக்கமில்லாத வேலை. ஜூன் மழையோடு பாதி வருமானம் நிற்கும். நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தது. மறு ஆண்டு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தது. மலையைக் காக்க அது வேண்டியதே. ஆனால் ஒரே சீசனில் தொங்கும் வருமானம் எவ்வளவு மெலிந்த கயிறு என்பது அப்போது நடந்த கடையடைப்பில் தெரிந்தது. எண்ணிக்கையில் ஒரு ஆலைப் பணியும் ஒரு சீசன் ஓட்டுநர் பணியும் ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அவை ஒன்றல்ல.

வேலை வளர்ச்சியும் கூலி உயர்வும் பொருளாதாரத்தின் நலத்தைக் காட்டுமா என்ற கேள்விக்கு என் விடை: காட்டும், மூன்று மாற்றங்கள் சேர்ந்து வரும்போது. வேலை கூடுகிறது, அதில் சம்பள வேலையின் பங்கும் கூடுகிறது, விலைவாசியைக் கழித்த பின்னும் கூலி உயர்கிறது என்றால் அந்த நாடு நலமாக இருக்கிறது. வேலை மட்டும் கூடி மற்ற இரண்டும் தேங்கினால், மக்கள் பிழைப்புக்கு மேலும் மேலும் உழைக்கிறார்கள் என்று பொருள். இன்றைய இந்தியாவின் எண்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்றே நான் படிக்கிறேன்.

வேலை, கூலிக் கணக்குகளில் தெரியாத ஓர் எண்ணும் உண்டு: ஊரை விட்டுப் போனவர்கள். 2001-ல் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. தமிழ்நாடு 15 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த பத்தாண்டில் இந்த மாவட்டம் சுருங்கியது. பிள்ளைப்பேறு குறைந்ததும் ஒரு காரணம். வேலை தேடி இறங்கிப் போனது பெரிய காரணம்.

2025 ஜனவரி முதல் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொண்டு மாதிரி எடுக்கிறது. இந்த வாய்ப்பைத் தமிழ்நாடு அரசு விடக் கூடாது. நீலகிரிக்கென்று தனியாக, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதோடு எத்தனை நாள், என்ன கூலிக்கு, சம்பளமில்லாமல் எத்தனை பேர் என்பதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். தேயிலை வாரியம் தன் மாத விலையோடு, ஒரு கிலோ பச்சைத் தேயிலையை விளைவிக்க ஆகும் செலவையும் அதே அறிவிப்பில் அச்சிட வேண்டும். விவசாயிகள் நட்டக்கல்லில் பட்டினி கிடந்து கேட்டதும் அந்தச் செலவைக் கணக்கில் எடுக்கும் விலையைத்தான்.